மேலுமலை ஏறத் திணறும் லாரி: டீசல் பம்ப்பில் இழுவை கூட்டுவது எப்படி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் பக்கம் போகிறவர்களுக்குச் சூளகிரிக்கு முன்னால் வரும் மேலுமலை ஏற்றம்தான் லாரிக்கு வைக்கும் பரீட்சை. மாங்காய் ஏற்றிய வண்டியோ, பர்கூர்ப் பக்கத்துக் கிரானைட் ஏற்றிய வண்டியோ, அங்கே கியர் மேல் கியராக இறங்கிக் கரும்புகை விட்டபடி ஊரும்போது ஓட்டுநர் முதலில் சொல்வது, "பம்ப்பைக் கூட்ட வேண்டும்" என்பதுதான், அதாவது பம்ப் எஞ்சினுக்கு ஊட்டும் டீசலைக் கூட்ட வேண்டும். மறுநாள் காலை அந்த வண்டி பம்ப் பட்டறை வாசலில் நிற்கும்.

கிருஷ்ணகிரியில் அப்படிப்பட்ட ஒரு பட்டறையில், பம்ப்பைச் சுற்றவிட்டு அளக்கும் டெஸ்ட் பெஞ்சின் முன்னால் 22 ஆண்டுகள் நின்றிருக்கிறேன். புதிதாக லாரி வாங்கியவர்களுக்கும், இந்தத் தொழிலில் இப்போதுதான் கால் வைத்திருக்கும் பையன்களுக்கும் இதை எழுதுகிறேன். பம்ப் தானாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. எஞ்சினுக்குள் வரும் காற்று எவ்வளவு டீசலை எரிக்குமோ, அவ்வளவை அளந்து, நேரம் தவறாமல் ஊட்டுவதுதான் அதன் வேலை. ஆகவே அளக்காமல் பம்ப்பில் ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

முதலில் உங்கள் பம்ப் எது என்று பாருங்கள்

பம்ப்பின் பக்கவாட்டில் ஒரு சிறிய தகடு ஆணியடித்து இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு அதைப் படியுங்கள். நம் பக்கத்துப் பழைய லாரிகளில் பெரும்பாலும் வரிசைப் பம்ப் இருக்கிறது: சிலிண்டருக்கு ஒன்றாக எலிமென்ட்டுகள் (டீசலைத் தள்ளும் பிளஞ்சரும் அது ஏறி இறங்கும் பேரலும் சேர்ந்தது) நேர்க்கோட்டில் நிற்கும். 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008இல் போஷ் என்று பெயர் மாறியது. ஆனாலும் இங்கே அதற்கு இன்றைக்கும் மைக்கோ பம்ப் என்றுதான் பெயர். தகட்டில் 'பி.இ.எஸ். 6 பி 120' என்று இருந்தால் 6 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, அடுத்து வரும் 'பி' பம்ப்பின் அளவு வகை, 120 என்பது பிளஞ்சரின் விட்டம் 12.0 மி.மீ. என்பதைச் சொல்கிறது. '6 ஏ 95' என்றால் ஏ வகை, 9.5 மி.மீ. பிளஞ்சர். தகட்டில் இருக்கும் 10 இலக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்குரிய அளவுத்தாள் கையில் இல்லாமல் பெஞ்சில் பம்ப்பை ஏற்றுவது, அளவு எடுக்காமல் சட்டை தைப்பது போன்றது.

குழாய்கள் ஒரு தலையைச் சுற்றி வட்டமாகப் புறப்பட்டால் அது ரோட்டரி பம்ப். சிறிய சரக்கு வண்டிகளில் அதைப் பார்க்கலாம், அதன் முறை வேறு. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தடித்த குழாயும், நாசில் தலையில் மின்கம்பியும் இருந்தால் அது காமன் ரெயில். அதில் திருகித் திருத்த ஒன்றுமில்லை. 2020 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு பதிவான பி.எஸ்.6 வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் பொது அறிவாக மட்டும் படியுங்கள். அந்த எஞ்சினில் கூடுதல் டீசல் விட்டால் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும், பிறகு சென்சார்கள் வண்டியை நகரவே விடாது.

பம்ப்பைக் குறை சொல்லும் முன்

இழுவை இல்லை என்று வந்த வண்டிகளில் நான் பம்ப்பைத் தொடாமலே திருப்பி அனுப்பியவை நிறைய. இந்தப் பகுதிக்குக் காசு செலவாகாது, பலன் மிக அதிகம்.

ஆக்சிலரேட்டர் மிதியை ஒருவர் தரைவரை அழுத்தட்டும், நீங்கள் பம்ப்பின் நெம்புகோலைப் பாருங்கள். அது கடைசி நிறுத்தத்தைத் தொட வேண்டும். தேய்ந்த இணைப்புகளால் அரை விரல் தூரம் முன்னாலேயே நின்றுவிடும் வண்டிகள் ஏராளம். அடுத்து ஏர் ஃபில்டர். கல் குவாரி வழி ஓடும் வண்டியில் அது எவ்வளவு சீக்கிரம் அடைக்கும் என்று சொல்லவே வேண்டாம். பிறகு டீசல் ஃபில்டர்கள், டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்பின் சல்லடை, டேங்க் மூடியின் காற்றுத் துளை. டேங்க்கிலிருந்து வரும் குழாயில் எங்காவது காற்று உறிஞ்சுகிறதா என்பதைக் கண்டுபிடிக்க, ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி நிறக் குழாயைத் தற்காலிகமாக மாட்டி எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் அங்கேதான் நோய். புகைக்குழாயை அடைத்து வண்டியின் வேகத்தைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு பாதி மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியதும் தெரிந்துவிடும்.

காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ உள்ள வண்டியில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. காற்று மேனிஃபோல்டிலிருந்து, எஞ்சின் சுற்றைக் கட்டுப்படுத்தும் பம்ப்பின் கவர்னர் மேல் இருக்கும் டயஃப்ரம் பெட்டிக்கு ஒரு மெல்லிய குழாய் போகும். டர்போ அழுத்தம் ஏறியதும் இந்த டயஃப்ரம், டீசல் அளவை மாற்றும் ரேக் என்ற உள்சட்டத்தைக் கூடுதலாக நகரவிட்டு அதிக டீசல் தரும். அழுத்தம் வராவிட்டால் புகை வராதபடி டீசலைக் குறைத்தே வைக்கும். ஒரு மே மாதம், காவேரிப்பட்டணத்திலிருந்து மாங்காய் ஏற்றும் ஓர் ஓட்டுநர் வந்தார். ஏற்கெனவே இரண்டு இடங்களில் பம்ப்பைக் கூட்டிவிட்டார்கள், ஆனாலும் மேடு ஏறவில்லை என்றார். அந்த மெல்லிய குழாயை விரலால் தடவினேன், நட்டுக்கு அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். எஞ்சினை ஏற்றிச் சுற்றவிட்டுச் சோப்பு நுரையைத் தடவியதும் குமிழி குமிழியாக ஊதியது. குழாயை மாற்றினோம். அதன்பிறகு, முன்பு கூட்டி வைத்திருந்த அளவைப் பெஞ்சில் ஏற்றிக் குறைத்துக் கொடுத்தோம். அவர் கொடுத்திருந்த முந்தைய இரண்டு கூலியும் வீண்.

அடிப்படை அளவை எழுதி வையுங்கள்

இழுவை கூடியதா இல்லையா என்பதை மனம் தீர்மானிக்கக் கூடாது. வழக்கமான பாரத்தோடு ஒரே ஏற்றத்தில், ஒரே கியரில், இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு இடையே எத்தனை நொடி ஆகிறது, மேலே போய்ச் சேரும்போது எஞ்சின் சுற்று எவ்வளவு, தண்ணீர்ச் சூடு எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கிடைக்கும் மைலேஜையும் எழுதுங்கள்.

பம்ப்பைக் கழற்றுதல்

கழற்றும் முன் பம்ப்பையும் சுற்றுப்புறத்தையும் டீசலால் கழுவித் துடையுங்கள். எலிமென்ட்டில் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையே இருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். தலைமயிரின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத தூசியும் அங்கே கோடு போட்டுவிடும்.

முதல் சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் மேல்முனைக்குக் கொண்டு வந்து, ஃப்ளைவீல் குறியைப் பார்த்து, கப்ளிங்கிலும் பம்ப் விளிம்பிலும் உளியால் சின்னக் கோடு போடுங்கள். பெயின்ட் குறி டீசலில் அழிந்துவிடும். உயரழுத்தக் குழாய்களைக் கழற்ற இரண்டு ஸ்பேனர் வேண்டும்: ஒன்று, பம்ப்பிலிருந்து டீசல் வெளியேறும் வாயில் உள்ள டெலிவரி வால்வு ஹோல்டரைப் பிடிக்க, மற்றொன்று நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரால் திருப்பினால் ஹோல்டரும் சேர்ந்து சுழன்று, பிறகு ஒழுகும். குழாய்களை வளைக்காதீர்கள். அவை எல்லாம் ஒரே நீளத்தில் செய்யப்பட்டிருப்பதற்குக் காரணம் எல்லாச் சிலிண்டருக்கும் டீசல் ஒரே நேரத்தில் போக வேண்டும் என்பதுதான். திறந்த வாய் ஒவ்வொன்றையும் மூடி போட்டு அடையுங்கள். நாசில்களையும் சேர்த்தே கழற்றிக் கொண்டு போங்கள். பம்ப்பை மட்டும் சரிசெய்து பழைய நாசிலோடு ஓட்டுவது அரை வேலை.

பெஞ்சில் நடப்பது என்ன

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். பட்டறைக்காரர் என்ன செய்கிறார் என்று தெரிந்தால்தான் நீங்கள் கேள்வி கேட்க முடியும்.

பிளஞ்சர் எப்போதும் ஒரே உயரத்துக்குத்தான் ஏறி இறங்கும். அதன் பக்கத்தில் சாய்வாக வெட்டிய ஒரு விளிம்பு இருக்கும். ரேக் நகர்ந்தால் பிளஞ்சர் தன் அச்சில் சற்றுத் திரும்பும். அப்போது சாய்ந்த விளிம்பு பேரலின் துளையை முன்னதாகவோ பின்னதாகவோ திறக்கும். துளை திறந்த நொடியில் அழுத்தம் விழுந்து, ஊட்டுவது நின்றுவிடும். மிதியை அழுத்தினால் வண்டி இழுப்பது இந்தச் சிறு திருப்பத்தால்தான்.

பெஞ்சில் பம்ப்பைச் சுற்றவிட்டு, 40 டிகிரி சூட்டில் உள்ள சோதனை எண்ணெயை 1000 ஸ்ட்ரோக்குக்கு எத்தனை மி.லி. தருகிறது என்று அளவுக் கண்ணாடிகளில் பிடிப்பார்கள். ஆறு கண்ணாடிகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். முழுப் பாரத்தில் சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் இருப்பது நல்ல வேலைக்கு அடையாளம். ஸ்டார்ட் அளவு, ஐடிலிங், முழுப் பாரம், கவர்னர் டீசலை வெட்டும் சுற்று ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஆறு சிலிண்டர் பம்ப்பில் ஒவ்வொரு எலிமென்ட்டும் 60 டிகிரி இடைவெளியில் ஊட்டத் தொடங்க வேண்டும், அரை டிகிரி முன்பின் போகலாம். அந்தக் கண்ணாடிகளை நீங்களே குனிந்து பாருங்கள். தேய்ந்த பம்ப்பில் ஒன்று 70இலும் இன்னொன்று 84இலும் நிற்பதைக் கண்ணால் கண்டால், எஞ்சின் ஏன் நடுங்கியது என்பது விளங்கிவிடும்.

என் அனுபவத்தில், தேய்ந்த எலிமென்ட்டையும் டெலிவரி வால்வையும் அசல் உதிரிபாகமாக மாற்றி, நாசிலைச் சரிசெய்து, அளவுத்தாளின்படியே வைத்துக் கொடுத்தால் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதுவே போதும். வண்டி புதிதாக இருந்தபோது இருந்த இழுவை திரும்பக் கிடைத்துவிடும். முதலில் இதை மட்டும் செய்து ஒரு மாதம் ஓட்டுங்கள். அதற்கும் மேலே வேண்டும் என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

எவ்வளவு கூட்டலாம்

ஒரு கணக்குப் போடுவோம். ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின், 2400 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை டீசல் போகும், ஆகவே ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 1200 முறை, ஆறுக்கும் 7200 முறை. 1000 ஸ்ட்ரோக்குக்கு 80 மி.லி. என்றால் நிமிடத்துக்கு 576 மி.லி., மணிக்கு 34.5 லிட்டர் அளவில், எடையில் கிட்டத்தட்ட 28.7 கிலோ. ஒரு கிலோவாட் மணிக்கு 220 கிராம் டீசல் குடிக்கும் எஞ்சின் அதிலிருந்து 130 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 175 குதிரைத்திறன் தரும். இதே 80ஐ 86 ஆக்கினால் 7.5 சதவீதம் கூடுதல், 13 குதிரைத்திறன் கிடைக்கும். ஆனால் எரிக்கக் காற்று இருந்தால் மட்டும்.

ஒரு கிலோ டீசலுக்குக் கணக்குப்படி 14.5 கிலோ காற்று தேவை. உண்மையில் எஞ்சினுக்குள் காற்றும் டீசலும் முழுதாகக் கலப்பதில்லை, ஆகவே புகை இல்லாமல் எரிய 18, 20 கிலோவுக்கு மேலேயே வேண்டும். டர்போ இல்லாத பழைய எஞ்சினில் தயாரிப்பாளரே புகையின் எல்லை வரை டீசலை வைத்திருப்பார், அதில் கூட்ட இடமே கிடையாது. கூட்டினால் புகையும் சூடும்தான் கூடும். டர்போவும் அதன் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் உள்ள எஞ்சினில் 5 முதல் 8 சதவீதம் வரை நான் கூட்டிக் கொடுப்பேன், அதற்கு மேல் போக மாட்டேன். அதுவும் ஒரே நாளில் இல்லை: முதலில் 4 சதவீதம், ஒரு வாரம் ஓட்டிச் சூட்டைப் பார்த்த பிறகு மீதி. கிளட்ச், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாம் பழைய சக்திக்காகத்தான் செய்யப்பட்டவை.

கூட்டுவதற்கு முன் டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், சூடு காட்டும் மீட்டர் ஒன்று பொருத்தச் சொல்லுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்டிருக்கிறேன். மேட்டில் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் முள் தொடர்ந்து நிற்கக் கூடாது. ஏறினால் கியரைக் குறையுங்கள், மிதியைத் தளர்த்துங்கள். தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் மீட்டர் இதைச் சொல்லாது. அது ஏறுவதற்குள் பிஸ்டன் போய்விடும்.

முழுப் பார அளவைக் கட்டுப்படுத்தும் திருகு கவர்னர் பகுதியில் ஈயச் சீல் வைத்து இருக்கும். சாலையோரத்தில் சிலர் அந்தச் சீலை அறுத்து ஒரு சுற்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படித் திருப்பிய ஒரு கிரானைட் லாரியின் பிஸ்டனை என் மேசையில் பல வருடம் வைத்திருந்தேன். அதன் தலையில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு ஓட்டை, விளிம்பெல்லாம் மெழுகு வழிந்தது போல அலுமினியம் உருகி உறைந்திருந்தது. வேலைக்கு வரும் ஒவ்வொரு பையனிடமும் அதை முதல் நாளே கையில் கொடுப்பேன்.

கவர்னரின் உச்சச் சுற்றை மட்டும் கூட்டவே கூடாது. மேடு ஏறுவதற்கு வேண்டியது முறுக்கு விசை, உச்சச் சுற்று அதற்கு உதவாது. சுற்று கூடினால் வால்வு ஸ்பிரிங்கும் கனெக்டிங் ராடும்தான் முதலில் கேள்வி கேட்கும். பெரிய பிளஞ்சர், பெரிய துளை நாசில் என்று மாற்றுவது பந்தய வண்டி வேலை, சரக்கு லாரிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நாசில் திறக்கும் அழுத்தம் எஞ்சினுக்குத் தகுந்தபடி 200 பாருக்கு மேல் இருக்கும், அதைத் தாளில் உள்ளபடியே வையுங்கள். ஒவ்வொரு துளையிலிருந்தும் பனி போலப் பீய்ச்ச வேண்டும், கோடாக ஓடவோ நுனியில் சொட்டவோ கூடாது.

திரும்பப் பொருத்துதல்

நாசில் குழிக்குள் பழைய செம்பு வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் புதியதையும் போட்டால் நாசில் உயர்ந்து உட்கார்ந்து, டீசல் தவறான இடத்தில் விழும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

கோட்டுக்குக் கோடு சேர்த்துப் பம்ப்பை உட்கார வைத்த பிறகு டைமிங்கைச் சரிபார்க்க வேண்டும். முதல் எலிமென்ட்டின் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு ஹோல்டரைத் திரும்ப மாட்டி, அதன் மேல் கொக்குக் கழுத்து போல வளைந்த குழாயைப் பொருத்துங்கள். கை பிரைமரால் டீசல் ஏற்றிக்கொண்டே எஞ்சினை அது சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். குழாயிலிருந்து நூலாக ஓடிய டீசல் மெலிந்து, சொட்டுச் சொட்டாகி, நிற்கப் போகும் இடம்தான் ஊட்டல் தொடங்கும் புள்ளி. அப்போது ஃப்ளைவீல் குறி, தயாரிப்பாளர் சொன்ன டிகிரியில் இருக்க வேண்டும். டைமிங்கை முன்னே தள்ளினால் வண்டி சுறுசுறுப்பாகத் தெரியும், 'கட கட' என்று அடிக்கும், சில மாதத்தில் ஹெட் கேஸ்கெட்டை ஊதிவிடும். சொன்ன டிகிரியிலேயே நிறுத்துங்கள். முடிந்ததும் வால்வையும் ஸ்பிரிங்கையும் திரும்பப் போட மறக்காதீர்கள்.

பம்ப்புக்குள் எண்ணெய் ஊற்றிய பிறகு காற்று எடுக்க வேண்டும்: முதலில் ஃபில்டர் திருகு, பிறகு பம்ப்பின் திருகு, கடைசியில் நாசில் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றுவது. அந்த நேரத்தில் கையை அருகே கொண்டு போகாதீர்கள். உயரழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய புள்ளி மட்டும்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலை வந்துவிடலாம். அப்படிப் பட்டுவிட்டால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், "அழுத்த டீசல் உள்ளே ஏறிவிட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் நிறுத்தும் கேபிளை இழுத்து, நெம்புகோல் முழுதாக நகர்கிறதா என்று பாருங்கள். ரேக் சிக்கிக்கொண்டால் எஞ்சின் அடங்காமல் ஏறும். அதற்காகவே ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, காற்று வாயை மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையோடு ஒருவர் தயாராக நிற்க வேண்டும். கையாலும் துணியாலும் மூடக் கூடாது, எஞ்சின் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சட்டமும் புகையும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களும் தயாரிப்பாளர் குறித்தவையும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சின் விவரத்தில் கை வைக்கும் எதையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். புகைச் சோதனையில் பி.எஸ்.4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு ஒளி உறிஞ்சல் எண்ணின் (புகை எவ்வளவு கருப்பு என்பதன் அளவு) எல்லை 2.45, பழைய கணக்கில் 65 ஹார்ட்ரிஜ். பி.எஸ்.4 வண்டிக்கு 1.62. பம்ப் வேலை முடிந்த அன்றே சோதித்து, அந்தத் தாளை உங்கள் நோட்டில் ஒட்டுங்கள். எல்லையைத் தாண்டினால் கூட்டியது அதிகம் என்று பொருள், திரும்பப் போய்க் குறையுங்கள்.

மறுபடி மேலுமலை

அதே பாரம், அதே கியர், அதே இரண்டு கற்கள். நொடிகளையும் சூட்டையும் பழைய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு குழாய் நட்டுகளைக் காய்ந்த துணியால் துடைத்து ஈரம் கசிகிறதா என்று பாருங்கள், பம்ப் எண்ணெய் கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் மட்டம் தானாக உயர்ந்து டீசல் வாடை அடித்தால் எலிமென்ட்டோ ஃபீட் பம்ப்போ உள்ளே கசிகிறது.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர்க் கணவாய் இறக்கம் இருக்கிறது. பம்ப்பில் கூட்டிய சக்தி அங்கே கடுகளவும் உதவாது. இறக்கத்தில் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. கவர்னரால் டீசலை வெட்ட முடியும், வேகத்தைப் பிடிக்க முடியாது. மேட்டில் சீக்கிரம் ஏறிய வண்டி என்ற தைரியத்தில் நியூட்ரலில் விட்டவர்களின் வண்டிகளை அந்தப் பள்ளத்தில் பார்த்திருக்கிறோம். கணவாய் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு இறங்குங்கள். பம்ப் வேலைக்காக வண்டியை நிறுத்தும் அதே நாளில் பிரேக் லைனிங்கையும், பிரேக்கின் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.